பேய்க்கதையும் பாடகர் வரலாறும்: நான்கு நூல்களை முன்வைத்து

முற்போக்கு இலக்கியம் பற்றிப் பேசுவோர் மத்தியில் இருவகை நூல்கள் பெரும்பாலும் பேச்சிற்கே வருவதில்லை. ஒன்று பேய்க்கதை, மற்றது மேலைநாட்டு ரொக் இசைப் பாடகர்களின் வாழ்க்கை வரலாறு. முன்னையது மூடநம்பிக்கையை வளர்ப்பது என்றும், பின்னையது தனிமனித வழிபாட்டைப் பரப்புவது என்றும் தீர்ப்புக் கூறிவிட்டுப் பலர் அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஆனால், நமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தோர் முதலில் தேடிச் செல்வது இத்தகைய நூல்களையே. மக்கள் எதற்கு அஞ்சுகின்றனர், எதனைக் கேட்டுக் கிளர்ச்சியடைகின்றனர் என்பவற்றை அறிய விரும்பாத விமரிசனம், தன்னை எவ்வளவுதான் மக்கள் சார்பானது என்று கூறிக்கொண்டாலும், மக்களைப் பற்றிய அறிவில் வறுமையுற்றதாகவே இருக்கும்.

அண்மையில் நாம் வாசித்தவற்றுள் நான்கினை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். ஸ்டீவன் கிங் எழுதிய 'தி ஷைனிங்' (1977), விக்டர் லவால் எழுதிய 'தி பலட் ஒவ் பிளாக் டொம்' (2016) என்பன பேய்க்கதைகள். பீற்றர் குரால்னிக் இரு பாகங்களாக எழுதிய எல்விஸ் பிறெஸ்லி வரலாறு (1994, 1999), புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் தன்வரலாறாகிய 'போர்ன் டு ரன்' (2016) என்பன இசைஞர் வரலாறுகள். நான்கும் அமெரிக்க நூல்கள். நான்கும் சந்தைக்காக அச்சிடப்பட்டவை. சந்தைக்கு வந்தமையால் ஒரு நூல் இழிந்ததாகிவிடாது. டிக்கின்ஸின் நாவல்களும் மாதந்தோறும் பகுதி பகுதியாக விற்கப்பட்ட சரக்குகளே. ஆதலின், நூல் எங்கு விற்கப்படுகின்றது என்பதிலும் பார்க்க, அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே நமது கேள்வியாதல் வேண்டும்.

அச்சம் வானத்திலிருந்து வீழ்வதன்று. அதற்கும் வரலாறு உண்டு. மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' 1818ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் இங்கிலாந்தின் நெசவுத் தொழிலாளர் தம் பிழைப்பைப் பறித்த பொறிகளை உடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். தான் படைத்த உயிருக்குப் பொறுப்பேற்க மறுத்து ஓடும் விஞ்ஞானியின் கதையை அக்காலத்து வாசகர் வெறுங் கற்பனையாக மட்டும் கொண்டிருக்க முடியாது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தின் தன்மையை விளக்க மார்க்ஸ் இரத்தம் குடிக்கும் பேயை உவமையாக்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1897இல், பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' தோன்றியது. அந்நாவலின் பேய் கந்தையுடுத்து இடுகாட்டில் அலைவதன்று. கோட்டையும் பொற்குவியலும் உடைய பிரபு அது. சட்டத்தரணியை அமர்த்தி இலண்டனில் வீடு வாங்குகின்றது! ஸ்ரோக்கர் மார்க்ஸைப் பின்பற்றினார் என்பது நம் கருத்தன்று. ஒரே சமுதாயத்தின் நோய் பொருளியல் நூலிலும் பேய்க்கதையிலும் ஒரே உருவத்தைத் தேடிக்கொண்டது என்பதே நாம் சுட்ட விரும்புவது. பேயினைக் கொண்டு மனித மனத்தின் ஆழத்தைக் காட்ட முடியும் என்பதற்குத் தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சான்று பகரும்.

எனினும் எல்லாப் பேய்க்கதைகளும் ஒரே வழியில் செல்வதில்லை. அச்சத்தின் காரணத்தைத் தேடிச் செல்லும் கதை ஒன்று. ஆளும் வர்க்கத்தின் அச்சத்தை வாங்கி எளியோர் தலைமீது சுமத்தும் கதை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே விமரிசகன் கடமை.

'தி ஷைனிங்' நாவலை நம் ஆசிரிய நண்பர்கள் சிறப்பாக வாசித்தல் வேண்டும். ஏனெனில் அதன் நாயகன் ஓர் ஆசிரியன். ஜாக் ரொறன்ஸ் குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவன். மாணவன் ஒருவனை அடித்தமையால் வேலை இழந்தவன். மனைவியையும் ஐந்து வயதுச் சிறுவனையும் காக்க வேண்டிய நிலையில், கொலராடோ மலையிலுள்ள பெரிய ஹொட்டேல் ஒன்றின் பனிக்காலக் காவலாளாகச் செல்கின்றான். இவ்வேலையும் அவன் தகுதிக்காகக் கிடைத்ததன்று. ஹொட்டேலின் பங்குடைமையாளருள் ஒருவனான செல்வந்த நண்பனின் தயவால் கிடைத்தது. அதனை ஹொட்டேல் முகாமையாளர் நேர்முகத்திலேயே அவன் முகத்துக்கெதிரே உணர்த்திவிடுகின்றார். நாவலின் முதற்பேய் அந்த நேர்முகம்தான் என்று கூறினும் தவறாகாது. கல்வி கற்றவன், எழுதும் ஆற்றல் உடையவன், வேலைக்காகத் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காட்சியின் கசப்பினை வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு விளக்கிக் கூறத் தேவையில்லை.

ஹொட்டேலின் நிலவறையில் ஜாக் ஒரு பழைய ஏட்டைக் காண்கின்றான். கோடீசுவரர்களும் கொலைக் கும்பல்களும் கைமாற்றிக்கொண்ட அக்கட்டடத்தின் வரலாறு பத்திரிகை நறுக்குகளாக அதில் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதனை நூலாக எழுத அவன் விரும்புகின்றான். உடனே செல்வந்த நண்பன் தொலைபேசியில் அதற்குத் தடை விதிக்கின்றான். வேலை வேண்டுமாயின் உண்மையை எழுதாதே என்பதே அத்தடையின் பொருள். இதன் பின்னர் ஹொட்டேல் அவனைத் தன்வயப்படுத்தும் முறையும் கூர்ந்து நோக்கத்தக்கது. பேய்கள் அவனை அச்சுறுத்தி வெல்லவில்லை. பதவி உயர்வு காட்டி வெல்கின்றன. மகனைக் கொடுத்தால் நிருவாகத்தில் மேலே வரலாம் என்று ஆசையூட்டுகின்றன. நிலவறையில் இருக்கும் பழைய கொதிகலனோ நாள்தோறும் கவனித்து அமுக்கத்தைத் தணிக்காவிடின் வெடித்துவிடும் நிலையில் இருக்கின்றது. எசமானருக்கு விசுவாசம் காட்டப் புறப்பட்ட காவலாள் தன் உண்மையான வேலையை மறந்தமையால், இறுதியில் கொதிகலன் வெடித்து ஹொட்டேலும் அவனும் அழிகின்றனர்.

இதனை எழுதியவரின் வாழ்க்கையும் நாவலுக்கு விளக்கமாக அமைகின்றது. கிங் குழந்தையாயிருக்கும்போதே தந்தை வீட்டை விட்டுச் சென்றார். தாய் கிடைத்த வேலைகளைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார். கிங்கும் சலவை ஆலையில் உழைத்தவர். மெயின் மாநிலத்துப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பித்தவர். 1974இல் வெளிவந்த அவரது முதல் நாவலாகிய 'கெரி' ஏற்றுக்கொள்ளப்பட்ட வேளையில், கட்டணம் செலுத்த வசதியின்றி அவர் வீட்டுத் தொலைபேசி அகற்றப்பட்டிருந்தது. பதிப்பாளர் தந்தி மூலமே செய்தி அனுப்பினார். தமது குடிநோயையே தாம் அறியாமல் 'தி ஷைனிங்'கில் எழுதியதாக அவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒன் றைற்றிங்' என்னும் நூலில் குறிப்பிடுகின்றார்.

குறையும் உண்டு. கதை முற்றும்போது சமூகக் காரணங்கள் பின்தள்ளப்பட்டு, குடியும் பேயும் மட்டுமே குற்றவாளிகளாக எஞ்சுகின்றன. செல்வந்த நண்பனுக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. கணக்குக் கேட்பாரும் இல்லை. ஆயினும் 1980இல் ஸ்ரான்லி கியூபிறிக் எடுத்த திரைப்படத்தோடு ஒப்பிடுகையில் நாவலின் சிறப்புப் புலனாகும். திரைப்படத்து ஜாக் தொடக்கத்திலேயே பாதி பித்துப் பிடித்தவனாகக் காணப்படுகின்றான். நாவலிலோ நல்லவனாக வாழ விரும்பிய ஒருவன் படிப்படியாக விழுங்கப்படுகின்றான். திரைப்படத்தில் உதவிக்கு ஓடிவரும் கறுப்பினச் சமையற்காரர் ஹலொரன் கொல்லப்படுகின்றார். நாவலிலோ தாயையும் மகனையும் காத்து வெளியேற்றுபவர் அவரே. உழைப்பவர் உழைப்பவருக்குக் கைகொடுக்கும் இக்காட்சியை நீக்கியமை திரைப்படத்தின் வறுமை என்றே நாம் கொள்கின்றோம்.

லவாலின் குறுநாவல் நேரடியாகப் போர்க்களத்தில் இறங்குகின்றது. எச். பி. லவ்கிறாவ்ற் (1890 - 1937) அமெரிக்கப் பேய்க்கதையின் பெரும் ஆசானாக மதிக்கப்படுபவர். நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் சில காலம் வாழ்ந்தபோது, அங்கு நெருங்கி வாழ்ந்த ஏழைக் குடியேறிகளைக் கண்டு அவர் கொண்ட அருவருப்பே 'தி ஹொரர் அற் றெட் ஹூக்' என்ற கதையாயிற்று. 1927இல் அச்சேறிய அக்கதையில் துறைமுகத்தை அண்டிய சேரி மக்கள் மனிதராகவே தோன்றவில்லை. தீய தெய்வங்களின் கூட்டமாகத் தோன்றுகின்றனர். வீட்டு வாடகையும் கூலியும் பசியும் அக்கதையில் இல்லை. எளியோர்மீது அச்சத்தைச் சுமத்தும் கதைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

லவால் கறுப்பின எழுத்தாளர். லவ்கிறாவ்ற்றை இளமையிலே விரும்பிக் கற்றவர். அவர் அக்கதையை எரித்துவிடவில்லை. அதன் உள்ளே புகுந்து, மறுபக்கத்திலிருந்து மீண்டும் எழுதினார். 1924ஆம் ஆண்டின் ஹார்லம் பகுதியில் வாழும் சார்ள்ஸ் தோமஸ் ரெஸ்ரர் என்னும் இருபது வயது இளைஞன் கிற்றார்ப் பெட்டியுடன் அலைகின்றான். அவனுக்குப் பாடவும் வாசிக்கவும் போதிய திறமை இல்லை; வெள்ளையர் வாழும் வீதிகளில் சந்தேகத்துக்கு ஆளாகாமல் நடமாட அப்பெட்டி ஒரு வேடம். தந்தை ஒற்றிஸ் கட்டட வேலை செய்து உடல் நொறுங்கியவர். வெள்ளைத் தொழிலாளிக்குரிய கூலி அவருக்குக் கிடைத்ததில்லை. ஒருநாள் தனியார் துப்பறிவாளன் ஒருவன் வீட்டினுட் புகுந்து அம்முதியவரைச் சுட்டுக்கொல்கின்றான். அவர் கையிலிருந்த கிற்றாரைத் துப்பாக்கி என்று எண்ணியதாகக் காரணம் கூறுகின்றான். உடன் நின்ற பொலிஸ்காரனும் அதனை ஏற்கின்றான்.

இந்த இடத்தில் வாசகர் உடல் நடுங்குவது பேயினால் அன்று. 2014இல் நியூயோர்க் வீதியில் எரிக் கார்னர் பொலிசாரின் பிடியில் மூச்சுத்திணறி இறந்ததை உலகம் ஒளிப்படச் சுருளில் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரே இந்நூல் வந்தது. மனிதரைப் பொருட்படுத்தாத பழந்தெய்வத்தின் அலட்சியத்திலும் பார்க்க, சக மனிதனின் திட்டமிட்ட பகைமை கொடியது என்று அவ்விளைஞன் முடிவு செய்து, கடலடித் தெய்வத்தை எழுப்பத் துணிகின்றான். அவன் 'கறுப்பு டொம்' ஆகும் வழி இதுவே. அரக்கன் பிறக்கவில்லை, ஆக்கப்பட்டான் என்பதை இத்துணைச் சுருக்கமாகவும் உறுதியாகவும் காட்டிய நூல்கள் சிலவே.

ஆயினும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. ஹார்லத்தின் சினத்துக்குப் பேரழிவு ஒன்றுதானா வழி? கதை நிகழும் காலத்துக்கு அடுத்த ஆண்டாகிய 1925இல், அதே ஹார்லத்தில், ஏ. பிலிப் றண்டோல்ப் புகையிரதப் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைத்தார். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின் 1937இல் அச்சங்கம் புல்மன் கம்பனியிடம் ஒப்பந்தம் பெற்றது. லவாலின் ஹார்லத்தில் இம்மனிதரின் நிழலும் விழவில்லை. தனியொருவனின் பழிவாங்கல் நமக்கு உணர்ச்சி தருகின்றது. கூட்டு முயற்சியே வரலாற்றை மாற்றுகின்றது. இக்குறையைச் சுட்டுவதால் நூலின் மதிப்புக் குன்றாது. அது நிறுத்திய இடத்திலிருந்து சிந்தனை தொடர வேண்டும் என்பதே நம் கருத்து.

ஒற்றிஸின் கையிலிருந்த கிற்றார் நம்மை இரண்டாம் வகை நூல்களுக்கு அழைத்துச் செல்கின்றது. ரொக் இசை எனப்படுவது கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டும் தேவாலயப் பாட்டும், தென்மாநிலத்து ஏழை வெள்ளையரின் நாட்டுப்பாட்டும் கலந்து பிறந்தது. உழைக்கும் மக்களின் குரல் பெருங் கம்பனிகளின் சரக்காக மாறிய வரலாறே அதன் வரலாறு. ஆனால் பெரும்பாலான பாடகர் வரலாறுகள் இதனைக் கூறுவதில்லை. மேதை தோன்றினான், புகழ் பெற்றான், போதையில் வீழ்ந்தான் என்ற மூன்று வாக்கியங்களை முந்நூறு பக்கங்களாக விரிப்பதே அவற்றின் வழக்கம்.

குரால்னிக்கின் நூல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. 'லாஸ்ற் ரெயின் ரு மெம்பிஸ்' என்ற முதற்பாகம் எல்விஸின் எழுச்சியையும், 'கெயார்லெஸ் லவ்' என்ற இரண்டாம் பாகம் வீழ்ச்சியையும் கூறுகின்றன. 1935இல் மிசிசிப்பி மாநிலத்தின் ரூப்பலோ ஊரில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் எல்விஸ் பிறந்தார். காசோலை ஒன்றின் தொகையை மாற்றிய குற்றத்துக்காகத் தந்தை சிறை சென்றார். பின்னர் மெம்பிஸ் நகரில் ஏழைகளுக்கென அரசு கட்டிய குடியிருப்பில் குடும்பம் வாழ்ந்தது. பாடசாலைப் படிப்பை முடித்தபின் எல்விஸ் மின்சாரக் கம்பனி ஒன்றில் லொறி ஓட்டினார். 1954 ஜூலையில், சாம் பிலிப்ஸ் நடத்திய சன் இசைத்தட்டு நிலையத்தில், ஆதர் குருடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இல் பதிவு செய்திருந்த பாட்டொன்றைப் பாடினார். அங்கிருந்து அவர் வரலாறு தொடங்கிற்று. ஓராண்டு கழித்து, 1955 நவம்பரில், அவரது ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. கம்பனி 35,000 டொலருக்கு வாங்கியது.

குரால்னிக் தீர்ப்புக் கூற விரைவதில்லை; சாட்சிகளைப் பேசவிடுகின்றார். அதனால் இரண்டாம் பாகம் நாம் வாசித்த பேய்க்கதைகள் எவற்றிலும் பார்க்க அச்சந் தருவதாக அமைந்துள்ளது. மேலாளர் 'கேணல்' ரொம் பார்க்கர் உண்மையில் கேணலும் அல்லர், அமெரிக்கரும் அல்லர். ஒல்லாந்தில் பிறந்து பெயர் மாற்றிக்கொண்டவர். அவர் பெற்ற பங்கு காலப்போக்கில் வருவாயின் பாதியாக வளர்ந்தது. 1973இல் அதுவரை பதிவு செய்த பாடல்களின் எதிர்கால உரிமைப்பணம் முழுவதும் 54 இலட்சம் டொலருக்கு ஆர்.சி.ஏ. கம்பனிக்கு விற்கப்பட்டது. அதிலும் பாதி பார்க்கருக்குச் சென்றது. 1969 முதல் 1976 வரை லாஸ் வேகாஸ் நகரத்து ஹொட்டேல் ஒன்றில் எல்விஸ் 600இற்கு மேற்பட்ட தடவை மேடையேறினார். அதே நகரத்துச் சூதாட்ட மேசைகளில் பார்க்கர் பெருந்தொகை இழந்துகொண்டிருந்தார். மருந்துகளால் உடல் சிதைந்து 1977 ஆகஸ்ட் 16ஆம் நாள் எல்விஸ் இறந்தபோது அவருக்கு வயது 42. ஒரு மனிதனை ஹொட்டேல் விழுங்கும் கற்பனைக் கதை வெளிவந்ததும் அதே ஆண்டிலேயாகும்.

எனினும் எல்விஸின் துயரத்தில் நாம் கரைந்துவிடுதல் கூடாது. முதற்பாட்டைத் தந்த குருடப்புக்கு உரிய உரிமைப்பணம் கிடைக்கவில்லை. 1974இல் இறக்கும்வரை அவர் வறுமையை முற்றாகக் கடக்கவுமில்லை. எல்விஸ் 1956இல் பாடிப் பெரும்பொருள் ஈட்டித் தந்த 'ஹவுண்ட் டோக்' பாட்டை முதலில் பதிவு செய்து வெற்றி கண்டவர் பிக் மாமா தோண்டன் என்ற கறுப்பினப் பெண். குரால்னிக் இவர்களை மதிப்போடு குறிப்பிடுகின்றார். ஆனால் ஒருவரின் வரலாறு என்ற வடிவமே அவருக்குத் தடையாகின்றது. நடுவில் ஒருவர் நின்றால் ஏனையோர் வாசலோரம் வந்து மறையவே வேண்டியிருக்கின்றது. சுரண்டப்பட்டவனே மற்றொரு சுரண்டலின் பயனை நுகர்ந்தான் என்ற இருமுக உண்மையை வாசகர்தாம் கூட்டிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஸ்பிறிங்ஸ்ரீனின் நூல் வேறு வகையான சிக்கலை எழுப்புகின்றது. 1949இல் பிறந்து நியூ ஜேர்சி மாநிலத்தின் பிறீஹோல்ட் என்னும் ஆலை ஊரில் வளர்ந்தவர் அவர். தந்தை போர்ட் கார்த் தொழிற்சாலையிலும், பேருந்துச் சாரதியாகவும், சிறைக் காவலராகவும் வேலை மாறி மாறி உழைத்து, இரவில் இருட்டில் தனியே அமர்ந்து குடித்தவர். தாய் சட்ட அலுவலகச் செயலாளர். மகனின் கிற்றாருக்காகக் கடன் எடுத்தவர். வேலை ஒரு மனிதனின் பேச்சையும் அன்பையும் எவ்வாறு தின்றுவிடுகின்றது என்பதைத் தந்தையைப் பற்றிய பகுதிகள் காட்டுகின்றன. தம்மைப் பற்றியிருந்த மனச்சோர்வு நோயையும் அவர் மறைக்கவில்லை. இசை என்பது மந்திரமன்று, ஆண்டுக்கணக்கான பயிற்சியும் வியர்வையும் என்பதை வற்புறுத்துவதும் பாராட்டத்தக்கது.

அவர் பாட்டின் சமூகப் பயன் குறித்த படிப்பினையும் இங்கு உண்டு. வியட்நாம் போரிலிருந்து மீண்டு வேலையின்றி அலையும் தொழிலாளியைப் பற்றிய 'போர்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' 1984இல் வெளிவந்தபோது, பலர் அதனைத் தேசப் பெருமைப் பாட்டாகவே கேட்டனர். அவ்வாண்டுத் தேர்தற் கூட்டமொன்றில் ஜனாதிபதி றேகன் ஸ்பிறிங்ஸ்ரீனின் பெயரைத் தமக்குச் சாதகமாக எடுத்தாண்டார். உள்ளடக்கம் எதிர்ப்பாயிருந்தும் ஆரவாரமான உருவம் அதனை ஆளுவோர்க்கு உதவச் செய்தது. உருவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கருத்தே போதும் என்று வாதிடும் நம் எழுத்தாள நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

ஆனால் நூலாசிரியரின் பட்டப்பெயர் 'முதலாளி' என்னும் பொருள்படும் 'பொஸ்' என்பதாகும். இளமையில் இசைக்குழுவின் கூலியை வாங்கிப் பகிர்ந்தளித்தமையால் அப்பெயர் வந்தது. குழுவில் சனநாயகம் வேண்டாம், முடிவு தம்முடையதே எனத் தாம் தீர்மானித்ததை அவரே ஒளிவின்றி எழுதுகின்றார். தொழிலாளியின் துயரத்தைப் பாடியவர் 2021இல் தம் பாடல் உரிமைகளைச் சோனி நிறுவனத்துக்கு விற்றார். விலை ஏறக்குறைய 50 கோடி டொலர் என்று செய்திகள் கூறின. 2022இல் அவரது அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கான நுழைவுச்சீட்டுக்கள் சில, தேவைக்கேற்ப ஏறும் விலைமுறையால், ஆயிரக்கணக்கான டொலருக்கு உயர்ந்தன. அவரைக் கொண்டாடுவதற்கென்றே 1980 முதல் நடந்துவந்த 'பக்ஸ்ரீற்ஸ்' சஞ்சிகை, இதனால் மனம் நொந்து 2023இல் தன் பணியை நிறுத்தியது. 2016இல் முடிந்த தன்வரலாறு இவற்றைச் சொல்லியிருக்க முடியாது. ஆயினும் தந்தையின் ஆலையைப் பற்றி அத்துணை நுணுக்கமாக எழுதியவர், தம் தொழிலின் வரவுசெலவைப் பற்றி அதே நுணுக்கத்துடன் எழுதாமையை நூலை வாசிக்கும்போதே உணரலாம். இதனைக் கொண்டு அவர் பாடல்கள் பொய் என்று கூறிவிட முடியாது. தனிமனிதனின் நல்லெண்ணம் சந்தையின் விதியை மாற்றாது என்பதே இதன் மூலம் தெளிவாவது.

நான்கு நூல்களையும் ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. நல்ல பேய்க்கதை, இல்லாத பேயைக் காட்டி இருக்கும் கொடுமையை உணர்த்துகின்றது. சாதாரணப் பாடகர் வரலாறோ, இருந்த மனிதரைக் காட்டி இருந்த கொடுமையை மறைக்கின்றது. உண்மை நிகழ்ச்சிகளை எழுதுவதனால் மாத்திரம் ஒரு நூல் யதார்த்த இலக்கியம் ஆகிவிடாது. கற்பனையைக் கையாள்வதனால் மாத்திரம் அது யதார்த்தத்துக்குப் பகையும் ஆகிவிடாது. காரண காரியத் தொடர்பை எவ்வளவு தூரம் பின்தொடர்கின்றது என்பதே அளவுகோல். அவ்வளவுகோலின்படி நான்கனுள் லவாலின் குறுநாவலை முதலிலும், குரால்னிக்கின் வரலாற்றை அடுத்தும் வைப்போம். கிங்கின் நாவலை ஆசிரியர்களுக்குச் சிறப்பாகப் பரிந்துரைப்போம். ஸ்பிறிங்ஸ்ரீனை, அவர் தந்தைக்காகவேனும் வாசிக்கலாம்.

மாணவரின் கையில் இத்தகைய நூலொன்றைக் காணும் ஆசிரியர் அதனைப் பறித்து வைப்பதனால் ஆவது யாதுமில்லை. பறிக்கப்பட்ட நூல் வேறிடத்தில் வாசிக்கப்படும். ஆனால் கேள்வியின்றி வாசிக்கப்படும். அதற்குப் பதிலாக மூன்று வினாக்களை மாணவரிடம் கொடுப்போம். இக்கதையில் அஞ்சுபவர் யார், யாரைக் கண்டு அஞ்சுகின்றார்? அவ்வச்சத்தால் நன்மையடைபவர் யார்? இப்பாட்டு யாருடைய தொண்டையில் பிறந்தது, அதன் பணம் யாருடைய பைக்குச் சென்றது? இவற்றைக் கேட்கப் பழகிய மாணவருக்கு எந்நூலும் நஞ்சாகாது. இவற்றைக் கேட்கப் பழகாதவர்க்கோ, நாம் பாடத்திட்டத்தில் வைத்துப் போற்றும் காவியங்களும் வெறும் மனப்பாடமாகவே முடியும்.